ஆர்32 கேஸ்: “சூழலுக்குக் கெடுதலே இல்லை” என்பது சரியா?

வால்வுசாவி: “ஆர்32 ஏசி வாங்குங்கள், சூழலுக்குக் கெடுதலே இல்லை” என்று நேற்று மின்மினி இங்கே எழுதியிருந்தார். 16 வருடமாக ஏசி வேலை பார்க்கிறவன், சும்மா இருக்க முடியவில்லை. ஏசிக்குள் சுற்றிக் குளிர வைக்கும் அந்த ஆர்32 கேஸ் ஓசோனைத் தொடாது, சரி. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல 675 மடங்கு. ஒன்றரை டன் ஏசியில் 800 கிராம் இருந்தால், காற்றில் விடும்போது 540 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்ட கணக்கு.

மின்மினி: விட்டால்தானே? மூடிய குழாயில் சுற்றுகிற கேஸ் எங்கே போகும்? ஏசியில் போடும் இன்னொரு கேஸான ஆர்410ஏ-வுக்கு 2088 மடங்கு. அதைவிட இது எவ்வளவோ மேல். வருடம் 1000 யூனிட் ஓடினால் நம் நிலக்கரிக் கரண்டில் சுமார் 700 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பத்து வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். பிரச்சினை கரண்டில் இருக்கிறது, கேஸில் இல்லை.

வால்வுசாவி: எங்கே போகுமா? வீடு மாற்றும்போது அலன் கீ போட்டு வால்வை மூடி, கேஸை வெளியே இருக்கும் அவுட்டோர் பெட்டியில் இறக்க ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்துகிறார்கள். உஸ்ஸென்று போகும், பித்தளை நட்டில் வெள்ளையாகப் பனி பூக்கும். புது இடத்தில் பைப்பிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்பு போடாமல், கேஸை விட்டே பைப்பில் இருக்கும் காற்றைத் தள்ளுகிறார்கள். விடுகிறார்கள் சார், தினமும் விடுகிறார்கள்.

தென்காற்று: இரண்டு பேருக்கும் ஒரே பதில் புரொப்பேன். ஏசி கேஸாக அதன் பெயர் ஆர்290, வெறும் 3 மடங்கு. அதில் ஓடும் ஏசியைக் கோத்ரெஜ் 2012லேயே கொண்டுவந்துவிட்டது.

மின்மினி: தீப்பிடிக்கிற கேஸைப் படுக்கையறையில் மாட்டவா?

தென்காற்று: அடுப்படியில் 14.2 கிலோ சிலிண்டர் வைத்திருக்கிறோம். ஏசியில் அரைக் கிலோகூட வராது. உங்கள் ஃப்ரிட்ஜிலேயே தீப்பிடிக்கிற ஐசோபியூட்டேன் கேஸ்தான் இருக்கும், பின்னால் ஆர்600ஏ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பனைமரம்: முதலில் ‘கெடுதல்’ எதற்கு என்று சொல்லுங்கள். ஓசோனுக்கா, வெப்பத்துக்கா? அந்த 675 நூறு வருடக் கணக்கு. இருபது வருடத்துக்குப் பார்த்தால் 2000-ஐத் தாண்டும்.

மின்மினி: வால்வுசாவி அண்ணே, விடுகிறவர்கள் உங்கள் ஆட்கள்தானே? போன வருடம் ஸ்டெபிலைசர் விவாதத்திலும் பழியை வாடிக்கையாளர்களான எங்கள் மேல்தான் போட்டீர்கள்.

வால்வுசாவி: அதை இன்னும் மறக்கவில்லையா தம்பி? நான் மூன்றாவது மாடிக்கும் வேக்கம் பம்பைத் தூக்கிக்கொண்டுதான் ஏறுகிறேன். அதற்கு 300 ரூபாய் கேட்டால் “இன்னொரு மெக்கானிக் கேட்கவில்லையே” என்பது யார்? வாடிக்கையாளர்தான்.

தென்காற்று: பழைய ஃப்ரிட்ஜ் கதவு நுரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்தக் காலத்து நுரையில் அடைத்த ஆர்11 கேஸ் பூமியைச் சூடாக்குவதில் நாலாயிரம் மடங்குக்கு மேல். காயலான் கடையில் கடப்பாரையால் உடைக்கிறார்கள்.

மின்மினி: பேச்சை மாற்றாதீர்கள். கரண்ட் கணக்குக்கு இன்னும் பதில் வரவில்லை.

வால்வுசாவி: 540 கிலோவுக்கு நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள்.