மறு: ‘ஸ்போக்கன் லாங்குவேஜ்’ – பேச்சுமொழியா, வாய்மொழியா?

> ‘பேச்சுமொழித் தொழில்நுட்பம்’ என்றே போட்டுவிடலாமே. இதில் என்ன சிக்கல்?

வணக்கம் ஐயா. படைகளை அனுப்பத் திட்டமிடும் மென்பொருளிடம் வாயால் கேள்வி கேட்கும் தொழில்நுட்பம் பற்றிய ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடுகிறோம். முதலில் ‘ஸ்போக்கன் லாங்குவேஜ்’.

பேச்சுமொழி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது எழுத்துத் தமிழுக்கு மறுபக்கமான பேச்சு வழக்கு. ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று எழுதுகிறோம், ‘வந்துட்டிருக்கான்’ என்று பேசுகிறோமே, அது. நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

1990–91 வளைகுடாப் போர்க் காலத்தில் டார்ப்பா என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆய்வு அமைப்பின் நிதியில் வந்த மென்பொருள் டார்ட். எந்தப் படைப்பிரிவு எங்கே ஏறி, எந்த நாளில், எங்கே இறங்கும் என்ற அட்டவணைகளைத் திட்டமிடுவோர் திரையிலேயே திருத்த அது உதவியது. ஒரு தகவலைத் தேட மெனுவுக்குள் மெனுவாகப் போகாமல், கேள்வியை வாயாலேயே கேட்க முடியுமா என்று பிபிஎன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள் முயன்றார்கள். வாயால் சொல்வது என்பதுதான் இங்கே பொருள். நம் அலுவலகங்களில் எழுத்தில் வராத ஆணையை ‘வாய்மொழி உத்தரவு’ என்கிறோம். அந்தச் சொல் இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆகவே என் பரிந்துரை: வாய்மொழித் தொழில்நுட்பம்.

> அப்படியானால் பேச்சறிதல் என்ற பழைய சொல் போதாதா?

போதாது ஐயா. ஒலியைச் சொற்களாக்குவதோடு பேச்சறிதல் முடிந்துவிடுகிறது. ‘அந்த அணி எப்போது தம்மாம் போய்ச் சேரும்?’ என்று சவுதித் துறைமுகத்தைக் குறித்து ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொறியின் காதில் அது ‘ஆணி’ என்றும் விழலாம். சரக்குப் பட்டியலில் ஆணியும் இருக்கும் என்பதால் இலக்கணத்தை வைத்து மட்டும் தள்ளிவிட முடியாது. சற்றுமுன் பேசியது ஜெர்மனியிலிருந்து கிளம்பும் படைப்பிரிவைப் பற்றி என்று தெரிந்தால்தான் ‘அணி’ என்று எடுக்க முடியும். இந்த வேலைக்கு ‘வாய்மொழிப் புரிதல்’ என்று தனிப்பெயர் வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவர் குழம்பிப்போவார்.

> வாய்மொழி என்றால் நாட்டுப்புற இலக்கியம் நினைவுக்கு வருமே?

வரும், மறுக்கவில்லை. ஆனால் பின்னால் ‘புரிதல்’ வந்ததும் அந்த மயக்கம் தீர்ந்துவிடும். பேச்சுமொழிக்குப் பின்னால் எதைச் சேர்த்தாலும் ‘வழக்கு’ என்ற நிழல் போவதில்லை.

அடுத்தது, ‘ராணுவப் போக்குவரத்துத் திட்டமிடல்’. போக்குவரத்து என்றால் பேருந்தும் சிக்னலும் கண்முன் வந்துவிடுகின்றன. ‘படைச்செலவு’ என்று வைக்க ஆசைதான். சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம். இன்றைக்கு அதைப் படிப்பவர் ராணுவத்தின் வரவு செலவுக் கணக்கு என்றுதான் எண்ணுவார். ‘படைநகர்வுத் திட்டமிடல்’ தெளிவாக இருக்கிறது. எரிபொருளும் உணவும் படையோடு போவதால் அவையும் அதில் அடங்கும்.

என்னிடம் தீராமல் நிற்பது ‘என்-பெஸ்ட்’. பொறி ஒரே விடையைச் சொல்லாமல், ஒலிக்குப் பொருந்தும் பல வாக்கியங்களைத் தரவரிசைப்படி கொடுக்கும் முறை அது. அவற்றுள் பொருள்படுவதைப் புரிதல் பகுதி எடுத்துக்கொள்ளும். ‘பொருந்துநிரை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வரிசை என்ற பொருளில் வரும் நிரை என்ற சொல் இன்றைய மாணவருக்குப் புரியுமா என்பதில்தான் தயக்கம். கற்பிக்கும் நண்பர்கள் சொல்லுங்கள்.