மலைநாட்டு ஈரத்தில் பழைய காரின் போல்ட்டுகளுக்கு எந்தப் பூச்சு நிலைக்கும்?

நானுஓயா வாசகர்:
அப்பா விட்டுச்சென்ற மொரிஸ் மைனர் 1000 காரை முற்றாகக் கழற்றிப் புதுப்பித்து வருகிறேன். போல்ட்டுகளில் பெரும்பாலானவை காரோடு வந்தவை. திருகுப் புரி கெடாதவற்றை மீண்டும் பயன்படுத்தவே விரும்புகிறேன். பெயின்ட் அடித்தால் ஸ்பேனர் பட்ட இடத்தில் உரிந்து, அடுத்த மழைக்காலத்திலேயே துரு ஏறிவிடுகிறது. ஒருவர் எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றச் சொல்கிறார்; இன்னொருவர் நிக்கல் முலாம் போதும் என்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

ஹட்டன் கராஜ்காரர்:
தம்பி, முதலில் நம் ஊரின் ஈரம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். இங்கே கடலோரத்தைப் போல உப்புக் காற்று இல்லை. ஆனால் மூடுபனியும் தூறலும் சேர்ந்து, சேறு படிந்த போல்ட்டை நாட்கணக்கில் உலரவிடாமல் வைத்திருக்கின்றன. நிக்கல் பார்வைக்கு அழகானது, ஆனால் அது உருக்கைக் காக்கும் தடுப்பு மட்டுமே. அதில் ஊசிமுனையளவு துளை இருந்தாலும் அவ்விடத்தில் உருக்குத்தான் அரிக்கும். நாகம், அதாவது துத்தநாகம், அப்படியல்ல, கீறல் விழுந்தாலும் தானே முதலில் கரைந்து அருகிலுள்ள உருக்கைக் காப்பாற்றுகிறது. அதனால் என் தெரிவு மின்முலாமாகப் பூசிய நாகம், அதன்மேல் மஞ்சள் நிறக் குரோமியப் படலம். அந்தப் படலம் இல்லாத வெறும் நாகம், காற்றோட்டமில்லாத ஈரத்தில் விரைவில் வெள்ளைத் தூளாகப் பூத்துவிடும். மலைநாட்டில் அந்தப் படலத்துக்காகச் செலவழிப்பதில் தயங்கவே கூடாது. அக்காலத்தில் கட்மியம் பூசினார்கள். அது நன்றாகவே உழைத்தது, ஆனால் நச்சுத்தன்மை கொண்டது; அதை நாட வேண்டாம். கார் எப்போதாவது உரமூட்டை ஏற்றியிருந்தால், பூசுவதற்கு முன் அந்தப் பகுதிகளை நன்றாகக் கழுவுங்கள். அம்மோனியம் சல்பேட்டு ஈரத்தோடு சேர்ந்தால் உருக்கையும் நாகத்தையும் அரிக்கும்.

பதுளை வாசகர்:
ஹட்டன் அண்ணா சொன்னதோடு உடன்படுகிறேன். ஸ்டெயின்லெஸ் குறித்து மட்டும் சேர்க்கிறேன். கடைகளில் கிடைக்கும் ஏ2-70 வகையின் இழுவிசைத் தாங்குதிறன் 700 மெகா பஸ்கால், 8.8 என்ற வலிமைத் தரம் குறியிட்ட உருக்குப் போல்ட்டுக்கு 800. எனவே ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் ஆகியவற்றில் அதைப் போடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை எண்ணெயில்லாமல் முடுக்கினால் புரிகள் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்து, அறுத்தெடுக்கும் நிலையும் வரும். நம்பர் பிளேட், உட்புற அலங்காரப் பட்டிகள் போன்ற இடங்களுக்கு அது சிறந்ததே. உருகிய நாகத்தில் தோய்க்கும் முறை வேலிக் கம்பிக்கு ஏற்றது. காரின் நுண்ணிய புரிகளுக்கு அந்தப் பூச்சு மிகத் தடிமனானது, நட் ஏறாது. மின்முலாம் 8 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு) தடிமனாக இருந்தாலே புரியின் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே அளக்கும் விட்டம் அதன் நான்கு மடங்கு, அதாவது 32 மைக்ரோன் கூடுகிறது. யு.என்.எஃப் எனப்படும் அங்குல அளவுப் பொடிப் புரிக்கு அதற்கு மேல் கேட்காதீர்கள்.

நானுஓயா வாசகர்:
மிக்க நன்றி. பழைய துருவை அமிலத்தில் ஊறவைத்து நீக்கலாமா? பல போல்ட்டுகளின் தலையில் எஸ் என்ற எழுத்து இருக்கிறது.

ஹட்டன் கராஜ்காரர்:
எஸ் என்பது சதுர அங்குலத்துக்கு 50 தொன் தாங்கும் தரம், 8.8 போல்ட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும். அவற்றைப் பூசக் கொடுக்கலாம். இருந்தாலும் அமிலத்தை விட, கம்பித் தூரிகையால் தேய்ப்பதையோ மணல் வீச்சையோதான் விரும்புவேன். அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் உண்டாகும் ஐதரசன் கடின உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். முடுக்கி வைத்த போல்ட் சில மணி நேரம் கழித்து, எந்த அறிகுறியும் காட்டாமல் முறியும். 8.8-ஐ விட மிக வலிமையான 12.9 தரப் போல்ட்டுகளை மின்முலாமுக்குக் கொடுக்கவே வேண்டாம். இடைப்பட்ட 10.9 தரம் என்றால், புகுந்த ஐதரசன் வெளியேற, முலாமிட்ட நான்கு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 பாகை செல்சியசில் பல மணி நேரம் சுடவைக்க வேண்டும். அந்த வசதி உண்டா என்று பட்டறையிடம் நேரடியாகக் கேளுங்கள், உறுதியான பதில் கிடைக்காவிட்டால் அந்தப் போல்ட்டுகளை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

பொருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கையேட்டில் உள்ள முறுக்கு அளவு உலர்ந்த புரிக்கானதாக இருந்தால், எண்ணெய் தடவிய புரியில் அதே அளவுக்கு முடுக்குவது போல்ட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும். எல்லாம் முடுக்கிய பிறகு, அடிப்பகுதிப் போல்ட்டுகளின் தலையிலும் வெளியே நீளும் புரியிலும் மெழுகு வகைத் துருத்தடுப்பைத் தடவி, ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் அதைப் புதுப்பியுங்கள்.