மறு: பொட்டாசியம் டெட்ராபோரேட்டுக்குத் தமிழ்ச் சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வெல்டர் பயிற்சிக் கையேட்டில் பொட்டாசியம் டெட்ராபோரேட்டைப் ‘பொட்டாசிய வெண்காரம்’ என்று போட்டுவிடலாம் என ஐயா நேற்று எழுதியிருந்தார்கள். காதுக்கு இனிய சொல். வேதியியலும் ஓரளவு துணை நிற்கிறது. வெண்காரத்திலும் (போராக்ஸ்) இதிலும் எதிரயனி, அதாவது உப்பின் எதிர்மின் பகுதியான போரேட்டு, ஒன்றேதான். ஆனாலும் நான் இதை ஏற்கத் தயங்குகிறேன்.

வெண்காரம் நம்மிடையே ஒரே ஒரு பொருளுக்கு நிலைத்துவிட்ட பெயர். பொற்கொல்லர் பற்றாசு (மூட்டை ஒட்ட உருக்கும் உலோகக் கலவை) வைத்து ஊதும்போது தடவுவது அது. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் பொட்டலம் கட்டித் தருவதும் அது. சோடிய உப்பு, எடையில் 47 விழுக்காடு நீர். சூடுபட்டதும் அந்த நீர் கிளம்பி உப்பு பொரிந்து எழும்பும். பொரிகாரம் என்ற இன்னொரு பெயரிலேயே அது தெரிகிறது. பட்டறையில் இதுவே தொல்லை. மூட்டின்மேல் வைத்த பொடி உப்பி, சுடரின் வேகத்தில் ஒதுங்கிப் போய்விடும். பிறகு கம்பியால் தள்ளித் தள்ளி மூட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

நாம் பெயர் தேடும் உப்பில் நீர் நான்கு மூலக்கூறுதான், ஏறக்குறைய 24 விழுக்காடு. வெண்காரத்தைவிடத் தண்ணீரில் கூடுதலாகக் கரையும். வெள்ளிப் பற்றாசை உருக்கி உலோகங்களை ஒட்டும் சில்வர் பிரேசிங்கில் இன்னொரு காரணமும் உண்டு. நீரற்ற வெண்காரம் உருக 743 டிகிரி செல்சியசு வேண்டும். வெள்ளி மிகுந்த பற்றாசுகள் பல அதற்கு முன்பே உருகி ஓடத் தொடங்கிவிடும். ஆகவே அதில் பயன்படும் பிளக்சில் (மூட்டின் ஆக்சைடைக் கரைக்கத் தடவும் பொருள்) பொட்டாசியம் போரேட்டுகளைப் புளோரைடுகளோடு சேர்க்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகின் குரோமியம் ஆக்சைடு படலத்தைக் கரைக்கப் புளோரைடு இல்லாமல் முடியாது. இரண்டையும் ‘வெண்காரம்’ என்று எழுதினால், பயிற்சி மாணவர் கடையில் எதைக் கேட்டு வாங்குவார்?

அடுத்தது எண். போரிக் அமிலத்தையும் பொட்டாசியம் ஐதராக்சைடையும் எந்த விகிதத்தில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து உப்பு மாறும். நான்குக்கு இரண்டு என்றால் டெட்ரா. ஐந்துக்கு ஒன்று என்றால் பென்டா. பென்டாவின் படிகம் லேசர் ஒளியைப் புறஊதாவாக மாற்ற உதவியது, முற்றிலும் வேறு துறை. கியர் எண்ணெயில் நுண்துகள்களாகக் கலந்து பல்சக்கரத் தேய்மானத்தைக் குறைப்பதும் பொட்டாசியம் போரேட்டுத்தான். எண்ணிக்கை பெயரிலேயே இருந்தாக வேண்டும்.

என் பரிந்துரை: பொட்டாசியம் நாற்போரேட்டு, பொட்டாசியம் ஐம்போரேட்டு.

---

தம்பி,

கடையில் எதைக் கேட்டு வாங்குவார் என்ற கேள்வி போதும், என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். வெண்காரத்தைச் சித்த மருந்துகளிலும் சேர்க்கிறார்கள். பிளக்ஸ் டப்பாவின்மேல் அந்தப் பெயர் ஏறினால் உள்ளே புளோரைடு இருப்பது யாருக்கும் உறைக்காது. சூடாகும்போது எழும் புகை மூக்கையும் நெஞ்சையும் எரிக்கும். இதை நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டிய இடம்.

நாற்போரேட்டு எனக்குச் சம்மதம். ‘நாற்’ ஒட்டுவது செயற்கையாக இருக்கிறது என்று யாராவது சொல்லக்கூடும். நாற்காலி, நாற்கரம், நாற்சந்தி எல்லாம் நாவில் புரளும்போது இதுவும் புரளும். ‘நாற்காரம்’ என்று குறுக்கும் ஆசை மட்டும் வேண்டாம், நாற்றம் வந்துவிடும்.

இலங்கைப் பாடநூல்களில் பொற்றாசியம் என்றே எழுதுகிறார்கள். பதிவில் இரண்டு வடிவமும் இருக்கட்டும், தேடுபவருக்கு உதவும். பிளக்சுக்கு ‘இளக்கி’ பள்ளி வேதியியலிலேயே இருக்கிறது. ஆனால் கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் ‘பிளக்ஸ் எனப்படும் இளக்கி’ என்று எழுதுங்கள். பட்டறையில் யாரும் இளக்கி எடுத்து வா என்பதில்லை.

கலைச்சொல் பட்டியலில் இப்படி ஏற்றலாம்:

பொட்டாசியம் (பொற்றாசியம்) நாற்போரேட்டு – நான்கு நீர் மூலக்கூறு கொண்ட வெண்ணிற உப்பு. கரைசல் காரத்தன்மை உடையது. சில்வர் பிரேசிங் இளக்கியில் சேர்வது. வெண்காரம் வேறு.