தெஷாம்: திறமையா, அதிர்ஷ்டமா?

கேள்வி (மூலைக்கொடி):
பிரான்ஸ் கோச் டிடியே தெஷாம் பற்றி ஒரு சந்தேகம். எம்பாப்பே, கிரீஸ்மன், பொக்பா என்று இவ்வளவு பேர் கையில் இருந்தபோதும் ஏன் எப்போதும் பதுங்கியே ஆடவைத்தார்? ஆடிய காலத்திலும் சக பிரெஞ்சு வீரர் எரிக் கேன்டோனா இவரை ‘தண்ணீர் சுமப்பவர்’ என்று சொன்னாராம். நல்ல ஆட்கள் அமைந்ததால் ஜெயித்தவரா, நிஜமாகவே பெரிய கோச்சா?

பதில் 1 (இடதுவிங்):
எனக்கும் அவர்மேல் வருத்தம் உண்டு. 2016 யூரோ கோப்பை ஃபைனல், சொந்த மண், ரொனால்டோ 25வது நிமிடத்திலேயே காயத்தோடு வெளியே போய்விட்டார். அப்படியும் போர்ச்சுகலிடம் 1-0. பந்தைக் கையில் எடுத்து ஆட வேண்டிய நாளில் இவர் அணி தடுமாறும்.

பதில் 2 (நடுக்களம்):
கேன்டோனா சொன்ன அந்த வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் என் பதிலும் அதுதான். தெஷாம் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர். பந்தைப் பறித்து, பத்தடி தள்ளி நிற்கும் திறமைசாலியிடம் கொடுத்துவிட்டு, அவர் விட்டுப்போன இடத்தில் போய் நிற்பார். 1993இல் மார்சேய், 1996இல் யுவென்டஸ் என்று இரண்டு சாம்பியன்ஸ் லீக், அதாவது ஐரோப்பிய கிளப்களின் பெரிய கோப்பை. 1998 உலகக் கோப்பையையும் 2000 யூரோவையும் கேப்டனாகத் தூக்கினார். 103 மேட்ச், நாட்டுக்காக. சிடான் தலையால் முட்டிய இரண்டு கோல்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும், சிடானுக்குப் பின்னால் யார் ஓடினார் என்பது நினைவிருக்காது.

கோச்சானதும் அதே வேலையைத்தான் அணிக்கே கற்றுக்கொடுத்தார். 2018 உலகக் கோப்பையில் மட்யூடியை இடப்பக்கம் நிறுத்தினாரே, ஓரத்தில் தாக்கி ஆடும் விங்கரே இல்லாத ஒருவரை? எதிரே வலப்பக்கம் ஆடிய எம்பாப்பே முன்னேறித் தாக்கும்போதும் அணியில் சமநிலை இருக்கவேண்டும் என்பதற்காக.

அந்த ஃபைனலின் 55வது நிமிடத்தைப் பாருங்கள். ஸ்கோர் 2-1, கான்டேவுக்கு ஏற்கெனவே மஞ்சள் அட்டை. தான் ஆடிய அதே இடத்தில் ஆடும், அணியே உயிராக நினைக்கும் ஆளை வெளியே எடுத்து என்சோன்சியை இறக்கினார். பத்து நிமிடத்துக்குள் பொக்பா ஒன்று, எம்பாப்பே ஒன்று. முடிவில் 4-2. வீரராகவும் கோச்சாகவும் உலகக் கோப்பை வென்ற மூன்றாவது ஆள், ஸகாலோவுக்கும் பெக்கன்பவருக்கும் அப்புறம்.

பதில் 3 (மூலைக்கொடி):
சரி, ஆனால் அதெல்லாம் நட்சத்திர அணிதானே. எளிய அணியை வைத்து என்ன செய்தார்?

பதில் 4 (நடுக்களம்):
அவர் கோச்சாக இருந்த மொனாக்கோ கிளப்பைச் சொல்ல மறந்துவிட்டேன். 2004 சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. ரியல் மாட்ரிட்டில் 4-2 என்று தோல்வி, சொந்த மைதானத்தில் 3-1 வெற்றி, மொத்தம் 5-5, வெளியூரில் கூடுதலாக அடித்த கோல் கணக்கில் உள்ளே. அதில் இரண்டு மேட்சிலும் கோல் போட்ட மோரியென்டெஸ், ரியல் மாட்ரிட்டே கடனாகக் கொடுத்த ஆள்! பிறகு செல்சீயையும் தாண்டி ஃபைனல் போனார்கள். போர்ட்டோவிடம் 3-0, அங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து, இத்தாலியின் இரண்டாம் டிவிஷனான சீரி ‘பி’க்குத் தள்ளப்பட்ட யுவென்டஸைப் புள்ளிக் குறைப்போடு எடுத்து மேலே கொண்டுவந்தார். 2010இல் மார்சேய்க்கு 18 வருடத்துக்குப் பின் லீக் பட்டம்.

‘பதுங்கல்’ என்பதற்கு இன்னொன்று. 2022 உலகக் கோப்பை ஃபைனலில் 0-2 பின்தங்கியபோது 41வது நிமிடத்திலேயே ஜிரூ, டெம்பேலே இருவரையும் எடுத்துவிட்டார். இடைவேளைகூட ஆகவில்லை. இறங்கிய கோலோ முவானிதான் பெனால்ட்டி வாங்கித் தந்தார், தூராம்தான் அடுத்த கோலுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தார். பெனால்ட்டி ஷூட்அவுட்டில் தோற்றது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதில் 5 (இடதுவிங்):
2016 வருத்தம் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த 41வது நிமிட மாற்றத்தை வேறு எந்தக் கோச்சும் செய்திருக்கமாட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பதில் 6 (மூலைக்கொடி):
நன்றி. 2018 ஃபைனலை மறுபடி போடப்போகிறேன், இந்த முறை கண் மட்யூடி மேலேயே.