மின்சாரம் இல்லாத நாட்களில் இன்சுலினைப் பாதுகாக்க வழி தேவை

சென்னை வேளச்சேரியில், முதல் மாடியில் வசிக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாததால், அம்மாவுக்காக வாங்கிவைத்த இன்சுலினை நம்பிப் போட முடியாமல் போயிற்று. வடகிழக்குப் பருவமழைக்கான அவசரகாலப் பையில் குடிநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், டார்ச், ஆவணங்கள் எல்லாம் தயார். இது ஒன்றுதான் தீரவில்லை.

அம்மா போடுவது 30/70 கலப்பு இன்சுலின், மி.லி.க்கு 40 யூனிட் கொண்ட 10 மி.லி. குப்பி. (அதற்குரிய 40 யூனிட் ஊசிகளையும் பையிலேயே வைத்திருக்கிறோம், 100 யூனிட் ஊசியில் அளவு தவறிவிடும்.) திறந்த குப்பியை அறை வெப்பநிலையிலேயே வைக்கலாம் என்பதால் அதைப் பற்றிக் கவலையில்லை. திறக்காத குப்பிகளுக்குத்தான் 2 முதல் 8 டிகிரி வேண்டும்.

மண்பானைக்குள் பானை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பிப் பார்த்தோம். கோடையில் ஓரளவு பலன் தந்த அந்த முறை, காற்றில் ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் நீர் ஆவியாகாததால் பயன்படவில்லை. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளோடு வைத்தபோது, அவற்றை ஒட்டியிருந்த குப்பி உறைந்து, மெல்ல உருட்டிய பிறகும் மருந்து சீராகக் கலவாமல் திரிதிரியாக நின்றது. மறுநாளே ஐஸும் உருகிவிட்டது. இன்வெர்ட்டர் பேட்டரி தரைத்தளத்தில் இருப்பதால், வெள்ளம் புகுந்தால் அதுவும் உதவாது.

மின்சாரமே இல்லாமல், மழைக்காலத்தில், திறக்காத குப்பிகளை உறையவிடாமல் நான்கைந்து நாட்கள் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க, நீங்களே வீட்டில் செய்து பார்த்து வெற்றி கண்ட முறை எது?