ஸ்க்ரீன்ல 84, செட்டில் ஆனது 85. உள்ளாள் வேலையா?

நேப்பர்வில்காரன்:
வணக்கம் மக்களே, டெம்பரேச்சர் மார்க்கெட்ல, அதான் ஒரு ஊரோட அன்னிக்கு வெயில் எத்தனை டிகிரின்னு பந்தயம் கட்டற சைட்ல, காசு போடுறவங்க யாராவது இங்க இருக்கீங்களா? நான் ரெண்டு மாசமா சிகாகோ டெய்லி ஹை (அன்னிக்கோட அதிகபட்ச வெப்பம்) மட்டும் சின்னதா போட்டுட்டு வரேன். நேத்து நடந்ததுதான் மண்டைய குடையுது. சாயங்காலம் 5 மணிக்கு உக்காந்து மிட்வே ஏர்போர்ட்டோட 5 நிமிஷ ரீடிங் அத்தனையும் பாத்தேன், அதிகபட்சம் 84 ஃபாரன்ஹீட், ஒரு தடவகூட 85 தொடல, ஏரிக்காத்தும் உள்ள வந்து சூடு இறங்க ஆரம்பிச்சிடுச்சு, சரி கதை முடிஞ்சுதுன்னு 83-84 ப்ராக்கெட்ல (ஹை அந்த ரெண்டுல ஒண்ணா வந்தா காண்ட்ராக்ட்டுக்கு ஒரு டாலர்) 100 காண்ட்ராக்ட் 68 சென்ட்டுக்கு வாங்கிட்டு பையன கிளாஸ்லேர்ந்து கூட்டிட்டு வர போயிட்டேன். ஏழு மணிக்கு வந்து பாத்தா 6 சென்ட்! காலைல 85னு செட்டில் ஆயிடுச்சு. 68 டாலர் போனது போகட்டும், வெதர் சர்வீஸோட ஃபைனல் ரிப்போர்ட் மறுநாள் காலைலதானே வருது, முந்தின நாள் ஏழு மணிக்கே ஊருக்கெல்லாம் எப்படி தெரிஞ்சுது?

வெதர்கிறுக்கன்:
உள்ளாளும் இல்ல ஒண்ணும் இல்ல ப்ரோ, நீங்க பாத்த 84 அசல் 84 இல்ல. ஏர்போர்ட்ல இருக்கற மெஷின் ஃபாரன்ஹீட்லதான் கணக்கு வச்சிருக்கு, ஆனா 5 நிமிஷ டேட்டாவ வெளிய அனுப்பும்போது முழு செல்சியஸா ரவுண்ட் பண்ணிடும், வெப்சைட் அத திரும்ப ஃபாரன்ஹீட்டா மாத்தி காட்டும். 84 டிகிரின்னா 28.9 செல்சியஸ், 85ன்னா 29.4, ரெண்டுமே ரவுண்ட் பண்ணா 29. அந்த 29அ திருப்பினா 84.2, ஸ்க்ரீன்ல 84. ஆக அந்த சைட்ல உங்களுக்கு 85ன்னு ஒரு நம்பர் வரவே வராது, வெயில் மண்டைய பொளந்தாலும் 84க்கு அப்புறம் நேரா 86தான். 83ம் அப்படித்தான், 82ன்னு காட்டும்.

ஏழு மணி மேட்டர் இன்னும் சிம்பிள். மிட்வே மணிக்கு ஒரு தடவ 53வது நிமிஷம் மெட்டார்ங்கற வானிலை ரிப்போர்ட் விடும். அதுல ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ வர்றதுல, சாயங்காலம் 6:53 அதுல ஒண்ணு, முந்தின 6 மணி நேரத்தோட அதிகபட்சம் தசம சுத்தமா இருக்கும். கடைசி பக்கம் 1ல ஆரம்பிக்கற அஞ்சு இலக்கம் தேடுங்க. 10294ன்னு இருந்தா 29.4 செல்சியஸ், அதாவது 85. பாட் (தானா படிச்சு வாங்கி விக்கற புரோகிராம்) வச்சிருக்கறவன் அத வந்த நொடியே படிச்சிருப்பான், நீங்க கார்ல இருந்திருப்பீங்க.

கணக்குப்புள்ள:
மேல சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க, எந்த ஸ்டேஷன்னு ரூல்ஸ படிக்காம கை வைக்காதீங்க. சிகாகோவோட அதிகாரப்பூர்வ ஸ்டேஷன் 1980லேர்ந்து ஓஹேர் ஏர்போர்ட், டிவில சொல்றதும் அதுதான், ஆனா கால்ஷிங்கற பந்தய சைட் சிகாகோவுக்கு எடுத்துக்கறது மிட்வே. நியூயார்க்கும் இதே கூத்துதான், கால்ஷிக்கு சென்ட்ரல் பார்க், பாலிமார்க்கெட்ங்கற இன்னொரு சைட்டுக்கு லாகார்டியா ஏர்போர்ட். சென்ட்ரல் பார்க் ஸ்டேஷன சுத்தி ஒரே மரம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு ப்ராக்கெட் வித்தியாசம் சர்வ சாதாரணம். நம்ம நுங்கம்பாக்கம் மீனம்பாக்கம் கதையேதான், கடல்காத்து ஒண்ணுக்கு முன்னாடி வரும் இன்னொண்ணுக்கு லேட்டா வரும், மே மாசம் முழுக்க அதுக்கே சண்ட நடக்கும்ல.

நான் மாட்டினது வேற இடத்துல. வெதர் சர்வீஸ் ரிப்போர்ட்டுக்கு நாள்ங்கறது வருஷம் பூரா ஸ்டாண்டர்ட் டைம்தான். கோடைல கடிகாரத்த ஒரு மணி முன்னாடி தள்ளி வச்சிருக்கோம்ல, அப்போ அவங்க நாள் நம்ம ராத்திரி 1 மணிக்குத்தான் பொறக்குது. போன அக்டோபர்ல குளிர் காத்து வர்ற நாள், பன்னெண்டரைக்கு 66 இருந்துச்சு, அப்புறம் நாள் முழுக்க ஏறவே ஏறாது, ஹை இதுதான்னு தூக்கத்த விட்டு உக்காந்து வாங்கினேன். அந்த 66 முந்தின நாள் கணக்குல போயிடுச்சு. ஒரு மணிக்கு 61தான். வீட்டுக்காரி இன்னிக்கு வரைக்கும் அத சொல்லி சிரிக்கிறா.

மடிப்பாக்கம்மழை:
இங்கேர்ந்து ஆட வழி இருக்கா அண்ணே? மெட்டார் எல்லாம் நமக்கு மனப்பாடம்!

கணக்குப்புள்ள:
வேண்டாம் தம்பி. 2025 ஆகஸ்ட்ல வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் காசு கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டத்தையே தடை பண்ணிடுச்சு. மழை ப்ளாக்ல கமெண்ட் போட்டு சண்ட போடு, அது ஃப்ரீ.

பழையஆள்:
என்ன பேர் வச்சாலும் சூதாட்டம் சூதாட்டம்தானேப்பா. அந்தக் காலத்துல பம்பாய்ல நியூயார்க் பருத்தி விலை மேல காசு கட்டினாங்க, இப்ப நீங்க நியூயார்க் வெயில் மேல கட்டறீங்க.

நேப்பர்வில்காரன்:
பழையஆள் சார், மறுத்து பேச என்கிட்ட ஒண்ணும் இல்ல :)

வெதர்கிறுக்கன் நன்றி தலைவா. நேத்து 6:53 மெட்டார இப்பதான் தோண்டி எடுத்தேன், அச்சு அசலா 10294. அப்போ எனக்கு 68க்கு வித்தவனுக்கு இந்த ரவுண்டிங் விஷயம் 5 மணிக்கே தெரிஞ்சிருக்கும், 84ன்னு நம்பி வர்றவனுக்காக வலை விரிச்சு காத்திருந்திருக்கான். நாளைக்கு 82-83, 84-85ன்னு பிரிச்சிருக்காங்க, இதுல அந்தக் குழப்பம் வராதுல்ல?

வெதர்கிறுக்கன்:
வராது, 82ம் 83ம் ஒரே ப்ராக்கெட், 84ம் 85ம் ஒரே ப்ராக்கெட். ஆனா நாளைக்கு ஏரிக்காத்து மதியம் எத்தனை மணிக்கு மிட்வேய தொடும்னு எச்ஆர்ஆர்ஆர்ங்கற வானிலை கணிப்பு மாடல் மணிக்கு மணி மாத்தி சொல்லிட்டு இருக்கு, காலைல 1 மணின்னுச்சு, இப்ப 3ங்குது. நான் தொடல.