மறு: 'ஃபிரான்டியர் வார்': எல்லைப் போரா, முனைப்புலப் போரா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க வரலாற்றுச் சொற்களுக்கான நம் அட்டவணையில் 'ஃபிரான்டியர் வார்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்; வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'எல்லைப் போர்' என்றே வைத்துவிடலாமே ஐயா. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் வேறொன்றாகப் புரியும். எல்லைப் போர் என்றதும் 1962 இந்திய-சீனப் போர்தான் நமக்கு நினைவு வரும். இரண்டு அரசுகள், நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் சீருடைப் படை. அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழ்ந்த பூர்வகுடிகளான கிரீக் மக்களுக்கும் அமெரிக்கக் குடியேறிகளுக்கும் இடையே நடந்தது அப்படிப்பட்ட சண்டை இல்லை.

அமெரிக்க அரசும் கிரீக்குகளும் செய்துகொண்ட 1790 நியூயார்க் உடன்படிக்கை, ஜார்ஜியாவின் ஓக்கோனி ஆற்றை எல்லையாக வைத்தது. அது தாளில். தரையில் ஜார்ஜியாக் குடியேறிகளின் மாடுகள் ஆற்றைத் தாண்டி கிரீக்குகளின் வேட்டைக்காட்டில் மேய்ந்தன. மான்தோல் விற்றுத்தான் கிரீக் குடும்பங்கள் துணியும் துப்பாக்கியும் வாங்கின. மாடும் மனிதரும் நடமாடுகிற காட்டில் மான் தங்குமா? கிரீக் இளைஞர்கள் வந்து குடியேறிகளின் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பறிகொடுத்தவர்கள் ஆள் சேர்த்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். எதிரில் வந்த கிரீக் எந்த ஊர்க்காரன், திருட்டில் அவனுக்குப் பங்குண்டா என்று விசாரிக்கவில்லை. 1794இல் ஜார்ஜியாப் படைத்தலைவராக இருந்த எலைஜா கிளார்க் தன் ஆட்களோடு ஆற்றின் மேற்கே, கிரீக் பக்கத்துக் கரைக்கே போய்க் கோட்டை கட்டித் தனி அரசு அமைக்கப் பார்த்தார். கடைசியில் ஜார்ஜியாப் படையே போய் அதைக் கலைத்தது. கோடு என்னவோ ஒன்றுதான். சண்டையோ அதன் இருபுறமும் அகன்று கிடந்த நிலம் முழுவதும் நடந்தது. நமக்குப் பெயர் வேண்டியது அந்த நிலத்துக்கு.

'எல்லைப்புறம்' கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனால் யாருக்குப் புறம்? ஜார்ஜியாவிலிருந்து பார்த்தால் புறம். கிரீக் பெண்ணுக்கு அது அவள் சோளக்கொல்லை. 'கன்னிநிலம்' என்ற பரிந்துரையை நான் அறவே ஏற்க மாட்டேன். அங்கே ஊர்கள் இருந்தன. ஒவ்வோர் ஊருக்கும் நடுவில் மன்றுகூடும் சதுக்கம் இருந்தது. ஆளில்லாத நிலம் என்று நாமும் தமிழில் எழுதிவைத்தால், அதைப் பறித்தவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்கிறோம்.

என் பரிந்துரை 'முனைப்புலம்'. தொல்காப்பியம் வெட்சியை, அதாவது ஆநிரை கவரும் போரைச் சொல்லும் இடத்தில் 'வேந்துவிடு முனைஞர்', அதாவது அரசன் அனுப்பிய முனை வீரர்கள், வேற்றுப்புலத்துக்குப் போய் ஆநிரை கவர்கிறார்கள். பகைவர் நிலத்தை ஒட்டிய பகுதி, கால்நடை களவு, மீட்கப் போகும் சண்டை எல்லாம் அந்தச் சூழலிலேயே இருக்கின்றன. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது: ஓக்கோனிக் கரையில் வேந்து விடாமலே தானாகப் போனவர்கள்தான் அதிகம். அதனால் வெட்சிப் போர் என்று பெயரிட வேண்டாம், நிலத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

> பழஞ்சொல். மாணவர்கள் திணறுவார்கள்.

போர்முனை செய்தித்தாளில் வருகிறது. புலம்பெயர்ந்தோர் என்று தினமும் எழுதுகிறோம். இரண்டும் புழக்கத்தில் உள்ளவைதானே அம்மா?

சரி, 1813இல் தொடங்கிய கிரீக் போரை வைத்து இந்தச் சொல்லைச் சோதித்துப் பார்ப்போம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று கிரீக்குகளில் ஒரு பிரிவினர் இன்றைய அலபாமாவில் இருந்த மிம்ஸ் கோட்டையைத் தாக்கினார்கள். கோட்டை என்றால் கல்கோட்டை இல்லை, ஒருவர் வீட்டைச் சுற்றி அடித்த மரவேலி. உள்ளே குடியேறிகளும் உள்ளூர்ப் படையினரும் அடிமைகளும் மட்டுமல்ல, கிரீக் தாய்வழி வந்த கலப்புக் குடும்பங்களும் இருந்தன. வெளியே தாக்குதலை நடத்தியவர்களில் ஒருவரான வில்லியம் வெதர்ஃபோர்டும் வெள்ளைக்கார வணிகர் ஒருவருக்குக் கிரீக் தாய் வயிற்றில் பிறந்தவர்தான். அடுத்த ஆண்டு மார்ச் 27 அன்று ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற இடத்தில் அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் அந்தப் பிரிவினரில் 800 பேருக்கு மேல் கொன்றழித்தபோது அவர் பக்கமும் கிரீக்குகள் நின்றார்கள், இன்னொரு பூர்வகுடியான செரோக்கிகளும் நின்றார்கள். ஆகஸ்டில் ஜாக்சன் கோட்டை உடன்படிக்கை 2 கோடி ஏக்கருக்கு மேல் பிடுங்கிக்கொண்டது. கூட நின்ற கிரீக்குகளின் நிலமும் அதில் போயிற்று. இதையெல்லாம் 'எல்லைப் போர்' என்று எழுதினால் யார் எந்தப் பக்கம் என்று வாசகர் தேடிக் களைத்துப்போவார். முனைப்புலப் போர் என்றால் பலரும் மோதிக்கொண்ட நிலம் என்றாவது மனதில் படும்.

அப்புறம், 'ரெட் ஸ்டிக்ஸ்', மிம்ஸ் கோட்டையைத் தாக்கிய அந்தக் கிரீக் பிரிவினரின் பெயர். செங்கோலர் என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம், அது அரசனின் நீதிக் கோலாகிவிடும். இவர்கள் ஏந்தியது சிவப்புச் சாயம் பூசிய போர்த்தடி. செந்தடியர் என்று வைக்கலாம்.

'கிரீக்' என்றால் ஓடை என்பதால் அதை 'ஓடைக்குடிகள்' என்றும் மொழிபெயர்க்க வேண்டாம். ஓச்சீஸ் ஓடைக்கரையில் இருந்தவர்களுக்கு ஆங்கில வணிகர்கள் வைத்த பெயர்தான் கிரீக். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது மஸ்கோகி. முதல் இடத்தில் இரண்டையும் தந்துவிட்டு, பிறகு கிரீக் என்றே எழுதலாம்.

மீதி இருப்பது 'செட்லர்'. இந்த மடலில் வேறு வழியின்றிக் குடியேறி என்று எழுதினேன். ஆனால் இன்று வேலைக்காக நாடு மாறிப் போகிறவரும் குடியேறிதான். பிறர் நிலத்தைத் தனதாக்கிக்கொள்ள வந்தவருக்கு அதே சொல்லைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. அட்டவணையில் அந்த வரியை வெற்றாக விட்டிருக்கிறேன். நல்ல சொல் தோன்றுகிறவர்கள் எழுதுங்கள்.